விமானத்துக்குள் ஓர் ஊட்டி: வாசகர் கேள்வி பதில்

விமானப் பயணம் குறித்து வாசகர்கள் கேட்க விரும்புவதை எழுதியனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். கோவை, ஈரோடு, திருப்பூர், நாமக்கல், சேலம் வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, பறக்கும் விமானத்துக்குள் காற்றும் அழுத்தமும் எவ்வாறு பேணப்படுகின்றன என்பதைப் பற்றியே இருந்தன. ஆகவே இந்த இதழின் கேள்வி பதில் பகுதி முழுவதையும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கோவை விமான நிலையம் உள்ள பீளமேட்டிலிருந்து முதன்முறையாக விமானத்தில் சென்றேன். முப்பத்தாறாயிரம் அடி உயரத்தில் பறப்பதாக அறிவித்தார்கள். அங்கே மூச்சுவிடக் காற்றே இருக்காது என்று என் மகன் சொல்கிறான். அப்படியென்றால் சிலிண்டரில் ஆக்சிஜன் கொண்டு போகிறார்களா? அல்லது கதவை மூடும்போது உள்ளே இருந்த காற்றையே இறங்கும்வரை சுவாசிக்கிறோமா?
(வாசகி, திருப்பூர்)

இரண்டும் இல்லை. நாம் சுவாசிப்பது விமானத்துக்கு வெளியே உள்ள அதே காற்றைத்தான். அதை அழுத்தி, பதப்படுத்தி, பறக்கும் நேரம் முழுவதும் இடைவிடாமல் உள்ளே செலுத்திக்கொண்டே இருக்கிறார்கள்.

தங்கள் மகன் சொன்னதில் ஒரு சிறு திருத்தம் வேண்டும். முப்பத்தாறாயிரம் அடியிலும் காற்று உண்டு. அதில் ஆக்சிஜனின் பங்கும் தரையில் உள்ளதைப் போலவே நூற்றுக்கு 21 தான். குறைவது அழுத்தம். கடல் மட்டத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மீதும் காற்று ஏறத்தாழ 1.03 கிலோ எடையுடன் அழுத்துகிறது. சுமார் 1,300 அடி உயரத்தில் இருக்கும் கோவையில் அது 0.98 கிலோ, 7,350 அடி உயரத்து ஊட்டியில் 0.79 கிலோ, 36,000 அடியிலோ வெறும் 0.23 கிலோ. நுரையீரலிலிருந்து ஆக்சிஜனை இரத்தத்துக்குள் தள்ளுவது இந்த அழுத்தமே என்பதால், அது கால்வாசிக்கும் கீழே போய்விட்ட இடத்தில் எவ்வளவு ஆழமாக மூச்சை இழுத்தாலும் பயனில்லை. ஒரு நிமிடத்துக்குள் மனிதர் தெளிவாகச் சிந்திக்கும் ஆற்றலை இழந்துவிடுவார்.

விமானத்தின் எஞ்சினுக்குள் முன்பகுதியில் வரிசை வரிசையாகச் சுழலும் இதழ்கள் வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்துகின்றன. எரிபொருளோடு கலப்பதற்கு முன்பாகவே அந்த அழுத்தமான காற்றில் ஒரு பகுதியைக் குழாய் வழியாகப் பிரித்தெடுத்து, குளிர்வித்து, பயணிகள் பகுதிக்கு அனுப்புகிறார்கள். மேற்கூரை ஓரத்துத் துளைகள் வழியாக வந்து இறங்கும் காற்று, நம் கால் பக்கத்துச் சுவரடியில் உள்ள கம்பித்தடுப்புகளின் வழியே தரைக்குக் கீழே சென்று, இறுதியில் வால் பகுதிக்கு முன்னால் உள்ள ஒரு வால்வின் வழியாக வெளியேறிவிடுகிறது. இரண்டு மூன்று நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் காற்று முழுவதுமே மாறிவிடும் அளவுக்கு இந்த ஓட்டம் வேகமானது.

இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி அந்த வால்வுதான் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும். விமானத்தை இறுக மூடிய பாத்திரம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் அது ஒரு பக்கம் காற்று புகுந்து மறு பக்கம் ஒழுகிக்கொண்டே இருக்கும் கூடு. உள்ளே வரும் காற்றின் அளவு ஏறக்குறைய ஒரே சீராக இருக்க, வெளியேறும் வழியைச் சற்றுக் குறுக்கினால் உள்ளே அழுத்தம் கூடும், சற்று அகட்டினால் குறையும். ஒரு கணினி இந்த வால்வை நொடிக்கு நொடி திறந்தும் குறுக்கியும் சரிசெய்துகொண்டிருக்கிறது. போயிங் 737 ரக விமானம் தரையில் நிற்கும்போது அதன் பின்பகுதியின் வலப்புறத்தைப் பார்த்தால், அடிப்பக்கமாக இந்த வால்வின் வாய் அகலத் திறந்திருப்பதைக் காணலாம். அத்தனை பேரின் மூச்சையும் காப்பது அந்தச் சிறிய திறப்புதான் என்று அறிந்தபின் பார்த்தால் வியப்பாக இருக்கும்.

வெளியே 36,000 அடியாக இருந்தாலும், உள்ளே 8,000 அடி உயரத்துக்கு நிகரான அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது என்பது பயணிகள் விமானங்களுக்கான வடிவமைப்பு விதி. அதாவது, ஊட்டி பேருந்து நிலையத்துக்கும் தொட்டபெட்டா சிகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உயரம். போயிங் 787, ஏர்பஸ் 350 ஆகிய புதிய விமானங்களில் இது 6,000 அடி. குன்னூரில் உட்கார்ந்திருப்பதற்குச் சமம்.

கேள்வி: நான் போர்வெல் ரிக் வண்டித் தொழிலில் இருப்பவன். எங்கள் கம்ப்ரசரிலிருந்து வரும் காற்றுக் குழாயைக் கையால் தொட முடியாது, அவ்வளவு கொதிக்கும். விமான எஞ்சினில் அழுத்திய காற்றும் அப்படித்தானே கொதிக்க வேண்டும்? பிறகு எப்படி உள்ளே போர்வை கேட்கும் அளவுக்குக் குளிர்கிறது?
(வாசகர், திருச்செங்கோடு)

தொழில் தெரிந்தவரின் கேள்வி. தாங்கள் சொல்வது முற்றிலும் சரி. வெளியே பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது டிகிரிக்கும் கீழான குளிரில் இருக்கும் காற்று, எஞ்சினுக்குள் அழுத்தப்பட்டு வெளிவரும்போது 200 டிகிரியையும் தாண்டிய சூட்டில் இருக்கும். ரிக் கம்ப்ரசரில் நடப்பதும் இங்கே நடப்பதும் ஒன்றே. விமானத்தில் அந்தச் சூட்டைத் தணிப்பதற்கு ஐஸோ, குளிர்பதன வாயுவோ தேவைப்படுவதில்லை; காற்றைக் கொண்டே காற்றைக் குளிர்விக்கிறார்கள்.

இறக்கைகள் உடலோடு சேரும் இடத்தில், அடிவயிற்றுக்குள், வழக்கமாக இரண்டு குளிர்விப்பு இயந்திரத் தொகுதிகள் இருக்கும். சூடான காற்று முதலில் வெளிக்குளிர் பட்டுக்கொண்டிருக்கும் குழாய் அடுக்குகளின் வழியே செல்கிறது. அதன்பின் அங்குள்ள சிறு கம்ப்ரசர் அதை மீண்டும் அழுத்துகிறது. மறுபடியும் சூடேறிய அந்தக் காற்றை இரண்டாம் முறையாக வெளிக்குளிரில் ஆற்றி, பின்னர் ஒரு டர்பைனை, அதாவது காற்று மோதிச் சுழலும் இதழ்ச் சக்கரத்தை, சுழற்ற விடுகிறார்கள். டர்பைனைச் சுழற்றும் வேலையில் தன் ஆற்றலைச் செலவழித்து விரிவடையும் காற்று, கிட்டத்தட்ட உறைநிலைவரை குளிர்ந்துவிடுகிறது. அந்த டர்பைனின் சுழற்சியே முன்னர் சொன்ன சிறு கம்ப்ரசரை ஓட்டுகிறது என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம்; குளிர்விக்கும் வேலைக்குத் தனியாக மோட்டார் வைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போய்விடுகிறது. குளிர்ந்த காற்றுடன் தேவையான அளவு சூடான காற்றைக் கலந்து, 22 முதல் 24 டிகிரி அளவில் உள்ளே விடுகிறார்கள்.

பெரும்பாலான விமானங்களில், பயணிகள் பகுதிக்கு வரும் காற்றில் ஏறக்குறையப் பாதி இவ்வாறு புதிதாக வருவது. மறுபாதி உள்ளிருந்தே எடுத்து, நுண்ணிய துகள்களில் நூற்றுக்கு 99.97 பங்கைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டியின் வழியே செலுத்தி மீண்டும் கலப்பது. போயிங் 787 விமானத்தில் மட்டும் எஞ்சினிலிருந்து காற்றைப் பிரித்தெடுப்பதில்லை. மின்சாரத்தில் ஓடும் தனி கம்ப்ரசர்களே வெளிக்காற்றை அழுத்தித் தருகின்றன.

அந்த உயரத்துக் கடுங்குளிரில் காற்றில் ஈரப்பசை அநேகமாக இராது. அதைச் சூடாக்கி உள்ளே விடும்போது ஈரப்பதம் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுகிறது. உதடு வறள்வதும் கண் உறுத்துவதும் அதனால்தான். தண்ணீர் அடிக்கடி குடியுங்கள்.

கேள்வி: கோவையிலிருந்து சென்னையில் இறங்கும்போது காது அடைத்து, உயிர் போகிற மாதிரி வலித்தது. திரும்பி வரும்போது அவ்வளவாக வலி தெரியவில்லை. ஏறும்போது இரண்டு முறையும் ஒன்றுமே இல்லை. இது ஏன்? கைக்குழந்தையுடன் அடுத்த மாதம் மீண்டும் போக வேண்டியிருக்கிறது.
(வாசகி, ஈரோடு)

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த ஒரு சிற்றறை உள்ளது. அதை நடுக்காது என்பார்கள். அந்த அறையையும் தொண்டையின் மேற்பகுதியையும் ஒரு மெல்லிய குழல் இணைக்கிறது. அந்தக் குழல் எப்போதும் திறந்திருப்பதில்லை. விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும்தான் கணநேரம் திறக்கும். விமானம் ஏறும்போது வெளி அழுத்தம் குறைய, நடுக்காதின் காற்று விரிந்து, குழலைத் தானே தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். அதனால்தான் ஏறும்போது சிரமம் இல்லை. இறங்கும்போது நடப்பதோ இதற்கு நேர்மாறு. வெளி அழுத்தம் கூடிக்கொண்டே வரும். குழலின் தொண்டைப் பக்கத்து வாய் இன்னும் இறுக மூடிக்கொள்ளும். செவிப்பறை உட்புறமாக இழுபடும். தாங்கள் உணர்ந்த வலி அதுதான்.

இதைக் கண்ணால் காண ஒரு வழி இருக்கிறது. விமானம் இறங்கத் தொடங்குவதற்கு முன், தண்ணீர் முழுவதையும் குடித்துவிட்டு, வெறும் பிளாஸ்டிக் பாட்டிலை இறுகத் திருகி, முன்னிருக்கைப் பையில் வைத்துவிடுங்கள். தரை தொட்டபின் எடுத்துப் பார்த்தால், யாரோ கையால் பிடித்து நெரித்ததுபோல் அதன் பக்கங்கள் உள்வாங்கியிருக்கும். மூடியைச் சற்றே திருகினால் 'புஸ்' என்று காற்று உள்ளே போகும். பக்கங்கள் படக்கென்று நிமிரும். எச்சில் விழுங்கியவுடன் காது 'பட்' என்று திறந்துகொள்வதும் இதுவே.

சென்னைக்கும் கோவைக்கும் உள்ள வேறுபாட்டைத் தாங்கள் கவனித்திருப்பது அருமை. அதற்கும் காரணம் உண்டு. பறக்கும்போது விமானத்துக்குள் 6,000 அடிக்கு நிகரான அழுத்தம் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கடலோரத்தில் உள்ள சென்னை விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து ஐம்பது அடி அளவே உயரமானது. ஆகவே காது ஏறத்தாழ 6,000 அடி முழுவதும் இறங்க வேண்டும். கோவையிலோ 4,700 அடி இறங்கினால் போதும். அத்துடன், கீழே வர வர ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் அழுத்தம் கூடும் அளவும் அதிகம் என்பதால், அந்தக் கடைசி 1,300 அடியே காதை மிகுதியாக வருத்துகிறது. அன்று தங்களுக்குச் சளி இருந்திருந்தால் அதுவும் ஒரு காரணமாகலாம். வீங்கிய குழல் எளிதில் திறக்காது.

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்கும்போதும் காது அடைக்கிறது. ஆனால் அந்த ஆறாயிரம் அடி இறக்கம் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் நிகழ்கிறது. விமானத்தில் அதே இறக்கம் இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். விமானமே நிமிடத்துக்கு ஆயிரம், ஆயிரத்தைந்நூறு அடி என்று இறங்கினாலும், உள்ளழுத்தத்தை நிமிடத்துக்குச் சுமார் 300 அடி என்ற மெதுவான கணக்கில் மாறும்படி அந்த வால்வு காத்துக்கொள்வதால்தான் நம்மால் இந்த அளவுக்காவது தாங்க முடிகிறது.

குழந்தைக்கு, இறங்கத் தொடங்குவதாக அறிவித்தவுடன் பால் கொடுக்கத் தொடங்குங்கள். உறிஞ்சி விழுங்க விழுங்கக் குழல் திறந்துகொண்டே இருக்கும். அந்த நேரத்தில் குழந்தையைத் தூங்க விட வேண்டாம். உறக்கத்தில் விழுங்குவது குறைந்துவிடும். தாங்கள் மிட்டாய் ஏதேனும் வாயில் அடக்கிக்கொள்ளலாம். அடைப்பு நீங்காவிட்டால், மூக்கைப் பிடித்து, வாயை மூடி, மிக மென்மையாகக் காற்றை ஊதிப் பார்க்கலாம். பலமாக ஊதக் கூடாது. கடுஞ்சளியோ காதில் சீழோ இருந்தால், பயணத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

கேள்வி: பம்ப்செட் பட்டறை நடத்துகிறேன். தரையில் உள்ள அழுத்தத்தையே மேலேயும் வைத்துவிட்டால் காது வலியும் இல்லை, வேறு தொல்லையும் இல்லை. தகட்டைக் கொஞ்சம் தடிமனாகப் போட்டால் தாங்காதா?
(வாசகர், கணபதி, கோவை)

தாங்கும், ஆனால் அந்த விமானம் சுமக்கும் பயணிகளின் எண்ணிக்கை குறைந்து, எரிபொருள் செலவு ஏறிவிடும். அதைவிட முக்கியமான காரணம் உலோகச் சோர்வு. தங்கள் பட்டறையில் ஒரு கம்பியை ஒரே முறை எவ்வளவு வளைத்தாலும் ஒடியாது; அதே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிந்துவிடும். விமானத்தின் உடல் ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் உள்ளழுத்தத்தால் மிகச் சிறிதளவு உப்புகிறது. இறங்கும்போது பழைய நிலைக்குத் திரும்புகிறது. உள்ளே 8,000 அடி, வெளியே 36,000 அடி என்றால் அழுத்த வேறுபாடு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.54 கிலோ. உள்ளே கடல் மட்ட அழுத்தத்தை வைத்தால் அது 0.80 கிலோவாகிவிடும். ஒவ்வொரு பயணத்திலும் உடல் படும் பாடு ஒன்றரை மடங்காகும்.

இந்தப் பாடத்தை உலகம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றது. உலகின் முதல் ஜெட் பயணிகள் விமானமான பிரிட்டனின் காமெட் 1952 மே மாதம் சேவைக்கு வந்தது. 1954 ஜனவரி 10 அன்று ஒரு காமெட் இத்தாலியின் எல்பா தீவுக்கு அருகே நடுவானில் சிதறிக் கடலில் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே அவ்வாறே விழுந்தது. காரணம் அறிய, பிரிட்டனின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு காமெட் விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்தி, உள்ளே தண்ணீரை அழுத்தி ஏற்றியும் இறக்கியும், பயணத்துக்குப் பின் பயணமாக நடித்துக் காட்ட வைத்தார்கள். ஏற்கெனவே பறந்த 1,221 பயணங்களையும் சேர்த்து மொத்தம் 3,057 அழுத்தச் சுற்றுகளில் அதன் உடல் கிழிந்தது. சதுரச் சாயலில் வெட்டப்பட்டிருந்த திறப்புகளின் மூலைகளில் தகைவு, அதாவது உலோகம் தாங்கும் இழுவிசை, குவிந்து, அங்கே தோன்றிய மயிரிழை விரிசல்தான் பரவியிருந்தது. இன்று எந்தப் பயணிகள் விமானத்திலும் சன்னல்களின் மூலைகள் நன்றாக வளைந்திருப்பதற்கு அந்த அனுபவமும் ஒரு காரணம்.

பிற்காலத்திலும் ஓர் எச்சரிக்கை வந்தது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய் தீவுகளுக்கிடையே பறந்துகொண்டிருந்த ஒரு போயிங் 737 விமானத்தின் முன்பக்கக் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்த்துக்கொண்டு போனது. பணிப்பெண் ஒருவர் வெளியே வீசப்பட்டு உயிரிழந்தார். மற்றவர்களுடன் விமானம் தரையிறங்கியது. குறுகிய தூரப் பயணங்களாகவே ஓடி 89,000 சுற்றுகளுக்கு மேல் கண்டிருந்த அந்த உடலில், கடற்காற்றின் அரிப்பும் சேர்ந்து, ரிவெட் வரிசையில் விரிசல்கள் ஒன்றோடொன்று கைகோத்திருந்தன. ஒரு விமானத்தின் வயதை ஆண்டுகளாலும் பறந்த மணி நேரங்களாலும் மட்டுமின்றி, எத்தனை முறை உப்பித் தணிந்தது என்ற கணக்காலும் பார்ப்பது எவ்வளவு அவசியம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் ஊர் மல்லிகை கோவையிலிருந்து விமானத்தில் வெளிநாடு போகிறது. சரக்கு வைக்கும் இடத்திலும் இதே அழுத்தம் உண்டா? அல்லது மக்கள் இருக்கும் இடத்துக்கு மட்டும்தானா?
(பூ விவசாயி, சத்தியமங்கலம்)

உண்டு. பயணிகள் விமானத்தில் நம் காலடியில் இருக்கும் சரக்கறையிலும் மேலே உள்ள அதே அழுத்தம்தான். காற்றோட்டமும் வெப்பமும் மட்டும் அறைக்கு அறை மாறலாம். தங்கள் மல்லிகை காதடைப்பில்லாத இன்னொரு பயணி என்றே கொள்ளலாம். தெர்மோகோல் பெட்டியை டேப் ஒட்டி மூடினாலும் சிறு கசிவு இருக்கும் என்பதால் அழுத்த மாற்றத்தால் பெட்டிக்குக் கேடில்லை. பூவுக்குப் பகை வெப்பமும் காத்திருப்பும்தான்.

சரக்கறைக்கும் ஏன் அழுத்தம் தருகிறார்கள் என்றால், தரவில்லையேல் மேலும் கீழும் உள்ள வேறுபாடு முழுவதையும் நடுவில் உள்ள தட்டையான தரை தாங்க வேண்டியிருக்கும். வளைந்த உடல் அழுத்தத்தைத் தாங்கும். தட்டையான தரை தாங்காது. 1974 மார்ச் 3 அன்று பாரிஸ் அருகே ஒரு டி.சி. 10 விமானத்தின் சரக்கறைக் கதவு சரியாகப் பூட்டப்படாமல் பறக்கும்போது பிய்த்துக்கொண்டது. கீழறையின் அழுத்தம் ஒரே கணத்தில் போய்விட, மேலிருந்த அழுத்தம் தரையை உடைத்துக் கீழே தள்ளியது. தரைக்கடியில் ஓடிய கட்டுப்பாட்டுக் கம்பிகள் அறுந்தன. 346 பேர் உயிரிழந்தனர். அதன்பின், கீழறையின் அழுத்தம் திடீரென்று போனாலும் மேலிருந்து காற்று உடனே வழிந்து சமன்படும்படி தரையில் திறப்புகள் வைக்கப்பட்டன.

கேள்வி: பறக்கும்போது யாராவது கதவைத் திறந்துவிட்டால் என்ன ஆகும்?
(கல்லூரி மாணவர், நாமக்கல்)

உயரத்தில் பறக்கும்போது திறக்கவே முடியாது. 180 சென்டிமீட்டர் உயரமும் 85 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கதவின் மீது, முன்னர் சொன்ன 0.54 கிலோ கணக்கில், எட்டு டன்னுக்கு மேற்பட்ட விசை உள்ளிருந்து அழுத்துகிறது. பெரும்பாலான கதவுகள் முதலில் உட்புறமாக நகர்ந்த பின்னரே வெளியே திறக்கும்படி செய்யப்பட்டவை. அந்த எட்டு டன்னை வென்று உள்ளே இழுக்கும் வலிமை எந்த மனிதருக்கும் இல்லை.

தரையை நெருங்கும்போது நிலைமை வேறு. வேறுபாடு அநேகமாக மறைந்துவிடும். 2023 மே 26 அன்று தென் கொரியாவின் டேகு நகரில் இறங்கவிருந்த விமானத்தில், சுமார் 700 அடி உயரத்தில் ஒரு பயணி அவசர வழிக் கதவைத் திறந்துவிட்டார். பயணிகள் அச்சத்திலும் மூச்சுத்திணறலிலும் தவிக்க, கதவு திறந்தபடியே விமானம் பத்திரமாக இறங்கியது. ஆகவே கைப்பிடியைத் தொட்டுப் பார்க்கும் ஆர்வத்தை எந்த உயரத்திலும் அடக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மேலிருந்து முகமூடி விழும் என்று செய்து காட்டுகிறார்கள். அதில் எவ்வளவு நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கும்? ‘முதலில் நீங்கள் அணிந்துகொண்டு பிறகு பிள்ளைக்கு அணிவியுங்கள்’ என்பது தாய்மனத்துக்கு ஒவ்வாததாக இருக்கிறதே?
(ஆசிரியை, சேலம்)

உள்ளழுத்தம் குறைந்து 10,000 அடிக்கு நிகரான நிலையை எட்டினால் விமானிகளுக்கு எச்சரிக்கை ஒலிக்கும். சுமார் 14,000 அடிக்கு நிகரான நிலையில் முகமூடிகள் தாமாகவே விழும். பல விமானங்களில் அந்த ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து வருவதில்லை; இருக்கைக்கு மேலே உள்ள சிறு குப்பியில் சோடியம் குளோரேட் போன்ற வேதிப்பொருள் வினைபுரிந்து அதை உண்டாக்குகிறது. முகமூடியைத் தம் பக்கம் இழுத்தால்தான் வினை தொடங்கும் என்பதால் அதை இழுக்க மறக்கக் கூடாது. குப்பி சூடேறிக் கருகல் வாடை வரலாம். முகமூடியுடன் உள்ள பை உப்பாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் அஞ்ச வேண்டியதில்லை. 12 முதல் 15 நிமிடம்வரை ஆக்சிஜன் வரும். அதற்குள் விமானிகள் விமானத்தை 10,000 அடிக்குக் கீழே விரைவாக இறக்கிவிடுவார்கள்.

தாய்மனம் பற்றித் தாங்கள் எழுதியதை உணர்கிறேன். ஆயினும் இந்த விதியை உறுதியாகப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்கிறேன். 35,000 அடியில் அழுத்தம் முற்றிலும் போய்விட்டால், பயனுள்ள விதத்தில் செயல்பட நமக்கு இருப்பது 30 முதல் 60 நொடிகள். திமிறும் குழந்தையுடன் போராடிக்கொண்டிருக்கும் தாய் அதற்குள் நினைவிழந்தால் இருவருக்கும் உதவ ஆள் இல்லை. தாய் சில நொடிகளில் அணிந்துகொண்டால், குழந்தை ஒருவேளை மயங்கியிருந்தாலும் முகமூடி வைத்தவுடன் தெளிந்துவிடும்.

ஆக்சிஜன் குறைவின் கொடுமை, அது நமக்கே தெரியாமல் வருவது. மூச்சு முட்டுவது போன்ற எச்சரிக்கை பெரும்பாலும் இருக்காது; சிலருக்கு இதமான மயக்கம்கூட வரும். 2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸின் லார்னகாவிலிருந்து ஏதென்ஸுக்குப் புறப்பட்ட ஒரு போயிங் 737 விமானத்தில், முந்தைய பராமரிப்புச் சோதனைக்காகத் திருப்பப்பட்ட அழுத்தக் கட்டுப்பாட்டுச் சுவிட்ச், தானியங்கி நிலைக்குத் திருப்பப்படாமலே விடப்பட்டிருந்தது. ஏறும்போது ஒலித்த எச்சரிக்கையை விமானிகள் வேறொன்றாகப் புரிந்துகொண்டார்கள். சற்று நேரத்தில் நினைவிழந்தார்கள். தானியங்கி முறையிலேயே பறந்த விமானம் எரிபொருள் தீர்ந்து மலைச்சரிவில் மோதியதில் 121 பேரும் மாண்டனர். நம் நாட்டிலும் 2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட விமானத்தில் காற்று வழங்கும் சுவிட்ச் போடப்படாததால் பயணிகள் பலருக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் கசிந்தது. முகமூடிகள் விழுந்தன, விமானம் மும்பைக்கே திரும்பியது. செய்து காட்டும் அந்த இரண்டு நிமிடங்களில் கைபேசியை வைத்துவிட்டுக் கவனிப்பதை ஒரு கடமையாகவே கருதுகிறேன்.

கேள்வி: விமான சன்னல் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டை இருக்கிறதே, அதன் வழியாகக் காற்று போய்விடாதா?
(ஏழாம் வகுப்பு மாணவி, கரூர்)

போகாது. சன்னலில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அவை அக்ரிலிக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆனவை. அழுத்தத்தைத் தாங்குவது வெளி அடுக்கு. ஓட்டை இருப்பது நடு அடுக்கில். உள்ளே உள்ள அழுத்தம் அதன் வழியே சென்று வெளி அடுக்கைச் சேர்வதால், நடு அடுக்கு சுமையின்றி ஓய்வாக இருக்கிறது. வெளி அடுக்கு என்றேனும் உடைந்தால் அப்போது நடு அடுக்கு சுமையை ஏற்றுக்கொள்ளும். அடுக்குகளுக்கு நடுவே பனி படியாமலும் அந்த ஓட்டை உதவுகிறது. உன் கை படுவது மூன்றாவது அடுக்கு. அது மற்ற இரண்டில் கீறல் விழாமல் காப்பதற்கு.

கேள்வி: என் தகப்பனாருக்குக் கோவையில் விழித்திரை அறுவை செய்து, கண்ணுக்குள் வாயு செலுத்தியிருக்கிறார்கள். கரையும்வரை கோத்தகிரியில் உள்ள எங்கள் வீட்டுக்கே போகக் கூடாது என்கிறார்கள். விமானத்தில் டெல்லியில் உள்ள அண்ணன் வீட்டுக்கு அழைத்துப் போகலாமா?
(வாசகர், கோத்தகிரி)

கூடாது. மருத்துவர் மலைக்குப் போகத் தடை சொன்ன காரணமே விமானத்துக்கும் பொருந்தும். அழுத்தம் குறையும்போது அடைபட்ட வாயு விரிவடையும். கோவை அழுத்தத்தில் இருக்கும் வாயு, 8,000 அடிக்கு நிகரான விமான அறையில் கால்பங்குக்கு மேல் பெரிதாகிவிடும். கண்ணோ விரிந்துகொடுக்காத உறுப்பு. உள்ளழுத்தம் ஏறி, விழித்திரைக்கு இரத்தம் கொண்டுவரும் நாளம் அடைபட்டு, பார்வையே நிரந்தரமாகப் போய்விடக்கூடும். செலுத்திய வாயுவின் வகையைப் பொறுத்து அது கரைய இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம்வரை ஆகலாம். முழுவதும் கரைந்துவிட்டது என்று கண்ணைப் பரிசோதித்த மருத்துவர் சொன்ன பின்னரே மலையேற்றமும் விமானமும். அதுவரை சமவெளியில் உறவினர் வீட்டில் தங்க வைத்துக்கொள்ளுங்கள். இந்த இடைவெளியில் வேறு எந்தக் காரணத்துக்காகவேனும் மயக்க மருந்து கொடுக்க நேர்ந்தால், கண்ணில் வாயு இருப்பதை அந்த மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மயக்கத்துக்குப் பயன்படும் நைட்ரஸ் ஆக்சைடும் கண்ணில் உள்ள வாயுவைப் பெருக்கிவிடும். வாயுவுக்குப் பதில் சிலிக்கோன் எண்ணெய் வைத்திருந்தால் இந்தத் தடை இல்லை. எது வைக்கப்பட்டது என்பதை மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.